ஓரங்கியின் பாதாளச் சாக்கடை: மக்களின் பங்கும் மாநகராட்சியின் பங்கும்

சாலை, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றை அமைத்துத் தருவது யாருடைய கடமை என்று வினவினால், 'அரசாங்கத்தின் கடமை' என்றே நாம் அனைவரும் விடை கூறுவோம். அவ்விடை தவறன்று. ஆயினும், அக்கடமை நிறைவேறாமல் ஆண்டுகள் பல கழியும்போது, அந்தத் தெருவில் குடியிருப்போர் செய்யத்தக்கது யாது? மனுக் கொடுத்துக் காத்திருப்பதா, அன்றி எல்லாவற்றையும் தாமே தலைமேல் ஏற்றுக்கொள்வதா? இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதைக் கராச்சி நகரின் ஓரங்கி மக்கள் செய்து காட்டினர். 'அரசு-தனியார் கூட்டு', 'மக்கள் பங்கேற்பு' என்னும் சொற்கள் நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறத் தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்த அவ்வரலாற்றை நமது ஜமாஅத்தார்களுக்கு இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஓரங்கி உருவான வரலாறு

கராச்சியின் வடமேற்கு எல்லையில், குன்றுகளை ஒட்டி அமைந்தது ஓரங்கி. 1965-ஆம் ஆண்டில் அரசு அங்கு ஒரு சிறு பகுதியைக் குடியிருப்பு மனைகளாகப் பிரித்தது. எஞ்சிய பெரும்பரப்பு புறம்போக்கு நிலமாகவே கிடந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமாகப் பிரிந்தபின், அங்கிருந்து வீடிழந்து வந்த பீகாரி முஸ்லிம்கள் பெருந்தொகையினராக ஓரங்கியில் குடியேறினர். அவர்களோடு பட்டாணியர், பஞ்சாபியர், சிந்தியர், பலூச்சியர், இந்தியாவிலிருந்து முன்னரே சென்ற முஹாஜிர்கள் எனப் பல மொழியினரும் வந்து சேர்ந்தனர். தரகர்கள் புறம்போக்கை அளந்து மனை போட்டு விற்றனர். மக்கள் கையிலிருந்த சேமிப்பையெல்லாம் செலவழித்து வீடு கட்டிக்கொண்டனர்.

வீடு எழுந்ததே தவிர, கழிவுநீர் செல்ல வழி எழவில்லை. பல வீடுகளில் எடுப்புக் கக்கூஸே இருந்தது. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை அதைக் காலி செய்தனர். கழிவு பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே கொட்டப்பட்டது. சற்று வசதி படைத்தோர் உறிஞ்சுகுழி தோண்டினர். அது சில ஆண்டுகளில் நிரம்பி, நிலம் ஊறி, சுவர்களில் ஈரம் ஏறியது. சமையலறை நீரும் குளியலறை நீரும் சந்துகளில் தேங்கின. பிள்ளைகள் அதில் நடந்து பள்ளி சென்றனர். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வீடு விட்டு வீடு சென்றன. நோயாளியைக் கவனித்தவர்களும் வாசலைக் கழுவியவர்களும் பெண்களே. ஆகவே பிற்காலத்தில் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று பல தெருக்களில் முதலில் வற்புறுத்தியவர்களும் அவர்களேயாயினர்.

அக்தர் ஹமீத் கான்

இந்நிலையில் 1980-ஆம் ஆண்டு ஓரங்கிக்கு வந்தார் டாக்டர் அக்தர் ஹமீத் கான். 1914-ஆம் ஆண்டு ஆக்ராவில் பிறந்த இவர், ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை அதிகாரியின் நாற்காலியிலிருந்து கண்ட அவர், பின்னர் அப்பதவியைத் துறந்து, அலிகர் அருகே ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுச் செய்பவராகவும் வாழ்ந்து பார்த்தார். பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லா நகரில் கல்லூரி முதல்வரானார். 1959-இல் அங்கு நிறுவப்பெற்ற கிராம முன்னேற்றக் கழகத்தின் தலைமையை ஏற்று, விவசாயிகளின் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தார். 1963-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

ஓரங்கிக்கு அவரை அழைத்தவர் பி.சி.சி.ஐ. என்னும் பன்னாட்டு வங்கியின் தலைவர் ஆகா ஹசன் ஆபிதி. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பது வங்கித் தலைவரின் விருப்பம். ஆனால் தானமாகப் பொருள் வழங்கும் பணியைக் கான் ஏற்கவில்லை. ஆராய்ந்து, அறிவு புகட்டும் பணியாக அது இருக்கவேண்டும் என்றார். அவ்வாறே 'ஓரங்கி முன்னோடித் திட்டம்' தொடங்கிற்று. வந்தவுடன் எதையும் கட்டத் தொடங்காமல், மாதக்கணக்கில் தெருத்தெருவாக நடந்து மக்களிடம் பேசினார். சுகாதாரம், வேலை, மருத்துவம், கல்வி என்னும் நான்கு குறைகளை அம்மக்கள் எடுத்துரைத்தனர். அவற்றுள் முதன்மையானது சாக்கடையே என அவர் கண்டார்.

நான்கு தடைகள்

மக்கள் தாமே சாக்கடை அமைத்துக்கொள்ளாதது ஏன்? கான் நான்கு தடைகளைக் கூறினார்.

முதலாவது, மனத்தடை. 'இது அரசாங்கத்தின் வேலை, இலவசமாகச் செய்து தரவேண்டியது. நாம் ஏன் காசு போடவேண்டும்?' என்னும் எண்ணம். இரண்டாவது, பணத்தடை. அரசு ஒப்பந்தக்காரர்களின் கணக்குப்படி செலவிடும் ஆற்றல் எந்த ஏழைக் குடும்பத்திற்கும் இல்லை. மூன்றாவது, தொழில்நுட்பத் தடை. வாட்டம் பார்த்துக் குழாய் பதிக்கும் அறிவு தெருவில் எவருக்கும் இல்லை. நான்காவது, சமூகத்தடை. அண்டை வீட்டார் ஒன்றுகூடிப் பணம் சேர்த்து ஒரு பொதுவேலையை முடிப்பதற்கான அமைப்பு இல்லை.

இந்நான்கில் ஏழ்மை ஒன்று மட்டுமே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஏனைய மூன்றும் தீராமல் பணத்தை மட்டும் கொட்டினால் பயன் விளையாது என்பது அவரது துணிபு. ஆதலின் கட்டுமானத்திற்கென ஒரு ரூபாயும் தருவதில்லை என்று அவரது அமைப்பு உறுதி பூண்டது. தந்தது அறிவுரையும், வரைபடமும், இரவல் கருவிகளும் மட்டுமே.

மனத்தடையை நீக்க அவர் கையாண்ட வாதம் மிக எளியது. அரசு செய்யவேண்டியதே, ஆனால் அது செய்யாத ஒவ்வோர் ஆண்டும் ஈரம் ஏறி இடிவது உமது சுவர், மருத்துவருக்குப் போவது உமது பணம். அவ்விழப்போடு ஒப்பிட்டால் சாக்கடைக்கு ஆகும் செலவு சிறிது. சேமிப்பு முழுவதையும் வீட்டில் முடக்கியிருந்த மக்களுக்கு இக்கணக்கு விளங்கிற்று.

தெருவே அலகு

ஓரங்கி முழுமைக்கும் ஒரு சங்கம் அமைக்க அவர் முயலவில்லை. மொழியாலும் ஊராலும் வேறுபட்ட இலட்சக்கணக்கானோர் ஒரே அமைப்பில் நம்பிக்கை வைப்பது அரிது. ஆனால் ஒரு சந்தில் இருபது முதல் முப்பது வீடுகளே உள்ளன. அங்கு ஒவ்வொருவரும் மற்றவரை அறிவார். எவர் பணம் கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை என்பது மறைவதில்லை. எனவே 'தெருவே அலகு' என வகுக்கப்பட்டது.

சமூக ஊழியர்கள் தெருவில் கூட்டம் கூட்டித் திட்டத்தை விளக்குவர். தெருவார் விரும்பினால் தமக்குள் ஓரிருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து விண்ணப்பம் தருவர். அதன்பின் நில அளவையாளர் வந்து மட்டம் பார்த்து, வரைபடமும் செலவு மதிப்பீடும் தயாரித்துக் கொடுப்பர். மதிப்பீட்டை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பங்குத்தொகை வசூலிப்பது பொறுப்பாளரின் வேலை. பணம் தெருவை விட்டு வெளியே செல்வதில்லை. அமைப்பின் அலுவலகம் அதைக் கையால் தொடுவதும் இல்லை. மண் தோண்டுவதைச் சிலர் தாமே செய்தனர். சிலர் கூலிக்கு ஆள் வைத்தனர். பங்கு தர மறுப்போரையும், பள்ளம் தம் வாசல் வழியே செல்லலாகாது என்போரையும் இணங்கச் செய்வதும் தெருவாரின் பொறுப்பே.

முதல் தெருக்களில் பணி 1981-ஆம் ஆண்டு தொடங்கிற்று. கழிவுநீரை உடனே இறக்கிவிட இயலும் என்பதால், மழைநீர் ஓடைகளை ஒட்டிய தெருக்கள் முதலில் முன்வந்தன. அவற்றின் வாசல் காய்ந்ததைக் கண்டு அடுத்த தெருக்களும் விண்ணப்பித்தன. உட்புறத்துத் தெருக்கள் பல ஒன்றுகூடி, தம் கழிவுநீரை ஓடைவரை கொண்டு செல்லும் பொதுக்குழாயையும் அமைத்தன.

செலவு குறைந்த விதம்

தொடக்கத்தில் பிழைகளும் நேர்ந்தன. ஓடை மணலைக் கலந்ததாலும், காங்கிரீட்டுக்குப் போதிய நாட்கள் தண்ணீர் ஊற்றாததாலும் சில இடங்களில் வேலை தரம் குன்றியது. அதனால் கொத்தனார்களுக்கும் தெருப் பொறுப்பாளர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. மேன்ஹோல் கட்டுவதற்கு இரும்பு அச்சுகள் செய்யப்பட்டுத் தெருக்களுக்கு இரவலாகத் தரப்பட்டன. வீட்டுக் கழிப்பறைக்கும் தெருக்குழாய்க்கும் இடையே 'ஹவுதி' எனப்படும் சிறு தொட்டி அமைத்து, கட்டிப்பொருள் குழாயில் இறங்காமல் தடுக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரின் இலாபமும் இடைத்தரகும் நீங்கின. முடிவில் கழிப்பறை, தெருக்குழாய், பொதுக்குழாய்ப் பங்கு அனைத்தும் சேர்ந்து வீடு ஒன்றுக்குப் பாகிஸ்தான் நாணயத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அரசு முறையில் இதனைச் செய்ய இதைப்போல் பல மடங்கு தேவைப்பட்டிருக்கும்.

தனியாரின் பங்கும் இதில் உண்டு. ஓரங்கியில் சிமெண்ட் கல் வார்த்து விற்கும் சிறு களங்களைத் 'தல்லா' என்பர். வீடு கட்டுவோருக்குக் கல்லையும் சிமெண்டையும் கடனுக்குக் கொடுத்து வந்தவர்கள் இத்தல்லாக்காரர்களே. 1980-களின் பிற்பகுதியில் அவர்களுக்கு இயந்திரங்களும் கடனுதவியும் தொழில்நுட்பமும் கிடைக்கச் செய்தபோது, ஓரங்கியில் விற்கும் கல்லின் தரமே உயர்ந்தது. தனியார் பங்கேற்பு என்றவுடன் பெருநிறுவனங்களையே நாம் எண்ணுகின்றோம். தெருமுனையில் உள்ள கல் வியாபாரியும் கொத்தனாரும் கூடத் தனியாரே. நகரை உண்மையில் கட்டுபவர்களுள் அவர்களும் அடங்குவர்.

பெருந்தனியாரின் நிலைமை வேறாக இருந்தது. தொடக்கத்தில் அமைப்பின் அலுவலகச் செலவுக்கு உதவிய பி.சி.சி.ஐ. வங்கி, மோசடிகள் வெளிப்பட்டதால் 1991-இல் பல நாடுகளின் அரசுகளால் இழுத்து மூடப்பட்டது. ஆயினும் ஓரங்கியின் குழாய்களுக்கு யாதொரு கேடும் விளையவில்லை. ஏனெனில் அவை வங்கியின் பணத்தால் இடப்பட்டவை அல்ல.

உட்புறப் பணியும் வெளிப்புறப் பணியும்

ஓரங்கி வரலாற்றின் மையக் கருத்திற்கு இப்போது வருகின்றோம். கழிவுநீர் அமைப்பில் நான்கு நிலைகள் உள்ளன: வீட்டுக்குள் கழிப்பறை, தெருவில் குழாய், பல தெருக்களைச் சேர்க்கும் பொதுக்குழாய், அதற்கப்பால் பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும். முதல் மூன்றும் 'உட்புறப் பணி' என வகுக்கப்பட்டன. அவற்றை மக்கள் தம் செலவில் செய்து, தாமே பராமரிக்கவும் இயலும். நான்காவது 'வெளிப்புறப் பணி'. அதைத் தெருவார் எத்துணை ஒற்றுமையாக இருப்பினும் செய்ய இயலாது. அது மாநகராட்சியின் பங்கு.

இப்பகுப்பு இருதரப்பாரையும் கட்டுப்படுத்தியது. மக்கள் தம் பங்கிற்கு அரசைக் காட்டித் தப்ப இயலாது. அரசும் தன் பங்கை மக்கள் தலையில் சுமத்த இயலாது. தம் பங்கை முடித்த தெருவார் கையில் வரைபடத்தோடு கவுன்சிலரிடம் சென்று, 'எங்கள் குழாய் இதுவரை வந்துவிட்டது. இதற்கு அப்பால் உங்களுடையது' என்று கேட்கும் தகுதி பெற்றனர். வெறுங்கையோடு நீட்டிய மனுவுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது.

காலப்போக்கில் ஓரங்கியின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களில், ஏறத்தாழ தொண்ணூறாயிரம் வீடுகள் இம்முறையில் இணைக்கப்பட்டன. மக்கள் தம் கையிலிருந்து செலவிட்ட தொகை எட்டுக் கோடி ரூபாயைத் தாண்டிற்று. 1990-களில் சிந்து மாகாணக் குடிசைப் பகுதி ஆணையம் இம்முறையைத் தன் பணிகளில் கைக்கொண்டது. 2006-ஆம் ஆண்டு பாகிஸ்தானின் தேசியத் துப்புரவுக் கொள்கையிலும் இப்பங்கீடு இடம்பெற்றது.

கடனை மறுத்த கணக்கு

1990-களின் பிற்பகுதியில் கராச்சியின் கோரங்கிப் பகுதிக்கெனப் புதிய கழிவுநீர்த் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. மதிப்பீடு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். அதில் 7 கோடி ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். திட்டத்தை வகுத்தோர், மக்களும் மாநகராட்சியும் முன்னரே பதித்திருந்த குழாய்களைக் கணக்கில் கொள்ளவில்லை. நகரின் கழிவுநீரில் பெரும்பகுதி உண்மையில் இயற்கை ஓடைகளின் வழியே செல்கின்றது என்பதையும் பொருட்படுத்தவில்லை. ஏற்கனவே கட்டப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களே போதிய கழிவுநீர் வந்து சேராமல் முழு அளவில் இயங்காதிருந்தன.

ஓரங்கி அமைப்பினர், ஆண்டுக்கணக்கில் அந்தந்தப் பகுதி இளைஞர்களைக் கொண்டு வரைந்த ஓடை, குழாய் வரைபடங்களை முன்வைத்தனர். உள்ளதைச் செப்பனிட்டு, ஓடை முடியுமிடத்தில் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால், குறைந்த செலவில் உள்நாட்டுப் பணத்திலேயே பணி முடியும் எனக் காட்டினர். கட்டிடக்கலை வல்லுநர் ஆரிஃப் ஹசன் உள்ளிட்ட நகர ஆர்வலர்களும் துணை நின்றனர். 1999-ஆம் ஆண்டு மாகாண அரசு அக்கடனை இரத்துச் செய்தது. தெருச்சாக்கடைக்கு மட்டம் பார்க்கக் கற்ற கைகள், நகரத்தின் பெருந்திட்டத்தையே திருத்தும் ஆற்றலைப் பெற்றிருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று அக்தர் ஹமீத் கான் அமெரிக்காவில் காலமானார். அவரது உடல் கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு ஓரங்கியிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

வரைபடத்தின் விலை

அவ்வரைபடப் பணிக்குத் தலைமை தாங்கியவர் பர்வீன் ரஹ்மான். 1957-இல் டாக்காவில் பிறந்து, கட்டிடக்கலை பயின்று, 1980-களின் தொடக்கத்திலேயே ஓரங்கிப் பணியில் சேர்ந்தவர். பின்னாளில் அவர், கராச்சியின் குடிநீர்க் குழாய்களிலிருந்து சட்டவிரோதமாக நீர் எடுத்து லாரிகளில் விற்கும் இடங்களையும், நகரின் புறத்தே உள்ள பழைய கிராமங்களின் நில எல்லைகளையும் ஆவணப்படுத்தினார். நிலமும் நீரும் பெரும்பணமாக மாறும் நகரில், எது எவருடையது என்று தாளில் வரைந்து காட்டுவது சிலருக்குப் பொறுக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று பணி முடித்து வீடு திரும்புகையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பொதுநலக் கணக்கைத் திறந்து வைப்பதற்கு எத்தகைய விலை கொடுக்க நேரும் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாக நிற்கின்றது.

எஞ்சிய குறை

ஓரங்கி வரலாற்றை முழு வெற்றி எனக் கூறுவது நேர்மையாகாது. மக்கள் தம் பங்கை முடித்தனர். வெளிப்புறப் பணி அதே வேகத்தில் நடைபெறவில்லை. தெருக்கள் காய்ந்தன; ஆனால் ஓடைகளில் இறங்கிய கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலேயே அரபிக்கடலைச் சென்றடைந்தது. ஓடைகளில் குப்பை நிரம்பிற்று. கரைகளில் கட்டிடங்கள் எழுந்தன. 2020 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் கராச்சி வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு, ஓடைகளை அகலப்படுத்துவதாகக் கூறி குஜ்ஜர் ஓடை, ஓரங்கி ஓடை ஆகியவற்றின் கரைகளிலிருந்த ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அரசு தன் பங்கைக் காலத்தில் செய்யாததன் சுமை முடிவில் ஏழைகளின் மீதே விழுந்தது.

ஆதலின் 'மக்களே செய்துகொள்வார்கள்' என்று அரசு கைகழுவுவதற்கு ஓரங்கியைச் சான்றாகக் காட்டுவது அவ்வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். கான் கூறியது பங்கீடு, விலக்கு அன்று.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒவ்வொரு முஹல்லாவிலும் பொதுக்குறைகள் உண்டு. அவற்றைக் குறித்து அலுவலகங்களுக்கு மனு எழுதுவதும் நாம் அறிந்ததே. மனு எழுதுமுன், அக்குறையை இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது நலம்: இதில் நம் தெருவாரால் முடிவது எவ்வளவு, நகராட்சியால் மட்டுமே முடிவது எவ்வளவு? முதற்பத்தியை நாம் முடித்து, அதன் கணக்கைத் தெருவார் அனைவரும் காணும்படி வைத்துவிட்டால், இரண்டாம் பத்தியை உரிமையோடும் உறுதியோடும் கேட்கலாம். கேட்டுப் பெறும்வரை விடாமல் தொடரலாம். இருபது வீடுகள் கொண்ட ஒரு சந்துக்கு இது இயலாத காரியம் அன்று என்பதை, மொழியாலும் ஊராலும் வேறுபட்ட ஓரங்கி மக்கள் ஆறாயிரம் தெருக்களில் மெய்ப்பித்துள்ளனர்.